தண்ணீரில் பார்த்தது

"மாமா, அந்த முகமூடியைக் கழட்டுங்க. சாம்பியன் உங்களைப் பார்க்கணுமாம்."

பட்டறை வாசலில் மச்சினன் மூச்சிரைக்க நின்றான். உள்ளே பலகை டாக்டர் ஒரு நீளப் பலகையை இரண்டு முக்காலிகளின் மேல் மல்லாக்கப் போட்டு, அதன் வயிற்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை, புருவம், காது மடல் என்று எல்லா இடத்திலும் வெள்ளைத் தூள். மாவு மில்லில் படுத்துத் தூங்கி எழுந்தவரைப் போல இருந்தார்.

"எந்தச் சாம்பியன்?"

"எந்தச் சாம்பியனா? ஞாயித்துக்கிழமை போட்டிக்காக என் லாட்ஜ்ல வந்து தங்கியிருக்காங்களே, அந்த அம்மாதான். நீங்க ஒட்டுப் போட்டுக் கொடுத்த பலகையோட காலையில கடல்ல இறங்கினாங்க. கரையேறினதிலிருந்து, 'யார் அந்த மனுஷர், யார் அந்த மனுஷர்'னு ஒரே பாட்டு."

டாக்டர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கினார். அடியில் ஒரு சிரிப்பு தயாராக இருந்தது.

"ஒட்டின இடமே தெரியலைன்னு சொன்னாங்களா?"

"ஒட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அதுல கட்டியிருந்த சீட்டைப் பத்தித்தான் பேச்சு."

சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தக் கடற்கரைக்கு ஒரு நாளைக்கு ஒரு பஸ்தான். தார் ரோடு முடிந்து, மண் ரோடும் முடிந்து, இனி ரோடே இல்லை என்று ஆன பிறகு வரும் வளைந்த கரை அது. ஒரு கோடியில் லாட்ஜ், மறு கோடியில் கலங்கரை விளக்கம். நடுவில், கடலுக்கடியில் இருக்கும் மணல் மேட்டில் இடறி எழும்பும் அலை. அந்த அலையில் பலகை போட்டுச் சறுக்குவதற்காக எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பலகையை உடைத்தார்கள். உடைந்ததை டாக்டர் ஒட்டினார். உள்ளே இருக்கும் நுரையில் புகுந்த தண்ணீரை வடித்து, காய வைத்து, கண்ணாடி நார்த் துணியை அளவாக வெட்டிப் பரப்பி, ரெசின் பசை ஊற்றி, இறுகியதும் தேய்த்து, விரலால் தடவினால் எங்கே உடைந்தது என்று உடைத்தவனுக்கே தெரியாதபடி கொடுப்பார். பதினைந்து வருஷத்தில் அவர் போட்ட ஒட்டு ஒன்றுகூட விட்டதில்லை. பலகை வேறு இடத்தில் உடைந்து வரும். அவர் தொட்ட இடத்தில் உடையாது.

இந்தக் கர்வம் நியாயமானது. ஆனால் கூடவே இன்னொன்றும் ஒட்டிக்கொண்டிருந்தது.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அவர் முதன்முதலாக ஒட்டிய பலகையை வாங்க வந்தவன், "அலையில ஓட்டிப் பார்த்துட்டீங்க இல்ல?" என்று கேட்டான். டாக்டருக்கு நீச்சல் தெரியாது. கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததே கிடையாது. ஆனால் கேட்டவன் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததும் கழுத்து தானாக ஒருமுறை மேலும் கீழும் ஆடிவிட்டது.

அவன் போன பிறகு மனைவி கேட்டாள். "எதுக்குங்க தலையை ஆட்டினீங்க?"

"வாயைத் திறந்து சொன்னேனா? சும்மா ஆட்டினேன்."

"ஆட்டினாலும் சொன்னது சொன்னதுதான். இனிமே அது பொய்யாகக் கூடாது" என்றாள் அவள்.

கொஞ்ச நாளில், பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு பலகையின் கால்கயிற்றிலும் ஒரு சின்ன அட்டைச் சீட்டு தொங்கத் தொடங்கியது. மேலே, மனைவியின் குண்டு குண்டான எழுத்தில், 'தண்ணீரில் பார்த்தது.' கீழே இரண்டு வரி. 'மூக்கு கனம். ஒரு சாண் பின்னால் நிற்கவும்.' அல்லது, 'வலது பக்கம் சாய்கிறது. எடை குறைந்தவர்களுக்கு நல்ல பலகை.'

பொய்யைக் காப்பாற்றக் கற்பனையாக எழுதுகிறாள் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரி என்று உள்ளூரப் பெருமைப்பட்டார். வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, "நீங்க எழுதினது அப்படியே சரி" என்று சொல்லிவிட்டுப் போனதும் அவளைப் பார்த்துக் கண் சிமிட்டுவார். "உப்புத் தண்ணி மண்டைக்கு ஏறினவங்க. எதை எழுதினாலும் நம்புவாங்க." அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பாள். அதற்குள் அவர் முகமூடியை ஏற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்துவிடுவார்.

"இந்தத் தடவை சீட்டுல என்னடா எழுதியிருந்தது?" என்று டாக்டர் மச்சினனைக் கேட்டார்.

பதில் வாசலில் இருந்து வந்தது. "'இடது பக்கம் திரும்பும்போது வால் அரை நொடி தயங்குகிறது. அடியில் மீன்துடுப்புபோல உள்ள ஃபின்னை ஒரு விரற்கடை முன்னால் தள்ளவும்.'"

சாம்பியன் நேரிலேயே வந்துவிட்டார். வெயிலில் வெளுத்த முடி, உளி வைத்துச் செதுக்கியது போன்ற தோள், கையில் அந்தச் சீட்டு.

"ரெண்டு வருஷமா இந்தப் பலகைல ஏதோ ஒரு குறை. செஞ்சவருக்கே என்னன்னு தெரியலை. நீங்க ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டீங்க. ஒரு விரற்கடை தள்ளினேன், பலகை பறக்குது."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார் டாக்டர். அவர் வாழ்நாளில் பேசிய உண்மைகளிலேயே சுத்தமானது அதுதான். சாம்பியன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

வெளியே சார்த்தி வைத்திருந்த ஒரு பலகையைத் தடவி, விரலை நாக்கில் வைத்தார். "உப்பு. இன்னிக்குக் காலையிலகூடப் போயிருக்கீங்க."

"ஐயோ, அது பனிங்க. இந்த ஊர்ப் பனி உப்பு. ஒட்டின பலகையை ராத்திரி வெளியே சார்த்தி வெச்சா காலையில உப்புப் பூத்திருக்கும். பதினஞ்சு வருஷமா கவனிச்சிட்டு வர்றேன்."

சாம்பியன் அவரை உற்றுப் பார்த்தார். மெல்லச் சிரித்தார். "புரியுது. நீங்க சொல்ல விரும்பலை. ஆனா ஒரே ஒரு ஆசை. ஞாயித்துக்கிழமை, போட்டி தொடங்குறதுக்கு முன்னால, உங்ககூட சேர்ந்து ஒரே ஒரு அலை. மறுக்கக் கூடாது."

டாக்டரின் கழுத்து பழைய பழக்கத்தில் மேலும் கீழும் ஆடிவிட்டது.

சாம்பியன் போனதும் மனைவி உள்ளேயிருந்து வந்தாள். "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ எழுதினதுதான் இப்ப என் கழுத்துக்குக் கத்தியா வந்து நிக்குது. வால் தயங்குதாம்! வாலுக்கு என்ன வந்தது தயங்குறதுக்கு?"

"நிஜமாவே தயங்குச்சுங்க."

"சரி சரி, நீயே உன் கதையை நம்ப ஆரம்பிச்சிட்ட. சும்மா இரு, யோசிக்கணும்."

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. பதினைந்து வருஷச் சீட்டும் பொய் என்று ஆகும். சீட்டு பொய் என்றால் ஒட்டு மட்டும் எப்படி மெய் என்று கேட்பார்கள். அவருக்கு என்று இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். 'டாக்டர்' என்று ஊர் கூப்பிடும்போது நெஞ்சு அரை அங்குலம் விரியும். அது இனி விரியாது.

யோசித்ததில் தோள்வலி கிடைத்தது. சாயங்காலமே மச்சினனிடம் சொல்லி அனுப்பினார்: தோள் பிடித்துக்கொண்டது, கையைத் தூக்கவே முடியவில்லை, மன்னிக்கவும்.

மறுநாள் காலை சாம்பியனுடன் வந்திருந்த தசை வைத்தியர் பட்டறையில் வந்து நின்றார். கதவு நிலையைவிட ஒரு சாண் அகலமான ஆள். டாக்டரைத் தன் பலகை மேசை மேலேயே குப்புறப் படுக்க வைத்து, துணி பிழிகிறவர் போலத் தோளைப் பிழிந்தார். அதுவரை இல்லாத வலி உண்மையாகவே வந்தது.

"வலி ஒண்ணும் இல்லையே" என்றார் வைத்தியர். பிறகு குரல் மாறியது. "அடேயப்பா! என்ன தோள் இது! தினமும் ரெண்டு மணி நேரம் பலகைல படுத்துக் கையால துடுப்புப் போடாம இப்படித் தோள் வராதே!"

"அது உப்புத்தாள் தேய்ச்ச தோளுங்க" என்று மேசைக்குள் முகம் புதைந்தபடி டாக்டர் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. மச்சினனுக்கு மட்டும், 'தினமும் ரெண்டு மணி நேரம்' என்பது நன்றாகக் கேட்டது. மதியத்துக்குள் அது லாட்ஜில் எல்லா அறைக்கும் போய்ச் சேர்ந்தது.

"ஏன் மாமா என்கிட்டகூடச் சொல்லலை?" என்று மச்சினன் வந்து குறைப்பட்டுக்கொண்டான். "எங்கே போவீங்க? எப்பப் போவீங்க? நான் ஒருநாளும் பார்த்ததில்லையே!"

"நீ எட்டரை மணிக்கு எழுந்திருக்கிறவன். நீ எப்படிப் பார்ப்ப?" ஒரு வேகத்தில் வந்த வார்த்தை. அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "விடியறதுக்கு முன்னால. விளக்குப் பக்கம். தனியாத்தான் போவேன். யார்கூடவும் சேர்ந்து போற வழக்கமே கிடையாது. அதைப் போய் உன் சாம்பியன்கிட்டச் சொல்லு."

இதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தார். தீரவில்லை. அன்று வியாழக்கிழமை. கலங்கரை விளக்கத்து விளக்குக்காரர் வாரத்தில் ஒருமுறை சாமான் வாங்க இருநூற்றுப் பதினாறு படி இறங்கி வரும் நாள். சோடாப் புட்டிக் கண்ணாடி போட்ட மனிதர். மச்சினன் அவரைக் கடைவாசலிலேயே மடக்கினான்.

"விடியக்காலையில விளக்குப் பக்கம் யாரோ அலையில போறதாப் பேச்சு. நீங்க பார்த்திருக்கீங்களா?"

"தினமும்தான் பார்க்கிறேன். மஞ்சச் சட்டை. நான் விளக்கை அணைக்கிற நேரத்துக்குச் சரியா முதல் அலை எடுப்பாங்க. அதைப் பார்க்காம எனக்கு ஒருநாள்கூட விடியாது" என்று சொல்லிவிட்டு அவர் சோப்பும் தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டு படியேறிவிட்டார்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் ஊரே பார்த்திருந்தது. ரொட்டி வண்டி ஓட்டுகிறவர் இரண்டு தடவை பார்த்திருந்தார். பஸ் கண்டக்டர், டாக்டர் ஒற்றைக்காலில் நின்று போனதைப் பார்த்திருந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒருபடி மேலே போய், டாக்டர் அலையின் மேல் கண்ணை மூடிக்கொண்டு நின்றதைக் கண்ணால் கண்டதாகச் சொன்னார்.

"எவ்வளவு கூசாமப் பொய் சொல்றாங்க பாரு!" என்று டாக்டர் மனைவியிடம் பொருமினார். "அந்த விளக்குக்காரருக்குப் பக்கத்துல வர்ற கப்பலே தெரியாது. மஞ்சச் சட்டையாம்!"

மனைவியின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "விளக்குக்காரர் அப்படியா சொன்னாரு?"

"ஆமாம். என் பேரைச் சொல்லித் தானும் நாலு பேர் மத்தியில பெரிய ஆளாகப் பார்க்கிறாரு."

"என்னங்க, நான் ஒண்ணு..."

"இரு. நல்லா ஒண்ணு தோணுது."

வெள்ளிக்கிழமை அவரே லாட்ஜுக்குப் போனார். போட்டி நடத்தும் சங்கத்தின் செயலாளர் கயிறு கட்டி, கூடாரம் அடித்து, நடுவர்களுக்கு மேடை போட்டு முடித்திருந்தார். டாக்டர் இடுப்பில் கை வைத்து, கடலை ஒரு பார்வை பார்த்து, தலையை இடவலமாக ஆட்டினார்.

"மணல் கெட்டுப் போச்சு. போன மழையில அடி மேடு நகர்ந்துடுச்சு. கெட்ட மணல்ல நான் இறங்குறதில்லை."

காலையில் துணி உலர்த்தும்போது மனைவி தனக்குத்தானே முணுமுணுத்த வாக்கியம் அது. இந்தச் சாக்குப் போதும் என்று அவர் திரும்பினார். செயலாளர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல வேளை சொன்னீங்க! ரெண்டு நாளா அலை ஏன் குழம்புதுன்னு எங்களுக்குப் புரியவே இல்லை. அப்ப நல்ல மணல் எந்தப் பக்கம்?"

அவள் முணுமுணுத்ததில் மிச்சமும் இருந்தது. "விளக்குப் பக்கம்" என்றார் டாக்டர்.

சனிக்கிழமை முழுவதும் கூடாரம், மேடை, ஒலிபெருக்கி, தண்ணீர்ப் பீப்பாய் எல்லாம் தலைச்சுமையாகக் கடற்கரையின் மறு கோடிக்குப் போயின. சாயங்காலம் சாம்பியன் அங்கே ஒரு அலை எடுத்துவிட்டு, கரையேறி, ஈரக் கையோடு டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "இப்படி ஒரு அலையை இத்தனை வருஷமா ஒளிச்சு வெச்சிருந்தீங்களே!"

இனிமேல் சொல்ல டாக்டரிடம் சாக்கு ஏதும் மிச்சமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் எழுந்தபோது மனைவி எப்போதும்போல லாட்ஜ் சமையலறையைத் திறக்கப் போயிருந்தாள். பதினைந்து வருஷமாக விடிவதற்கு முன்னால் போவது அவள் வழக்கம். ரெசின் வாடையில் மயங்கினவர் போலத் தூங்கி ஏழரைக்கு எழுவது அவர் வழக்கம். இன்று ஆறரை மணிக்கே தூக்கம் போய்விட்டது. கொடியில் ஒரு முழுக்கை மஞ்சள் சட்டை தொங்கியது. எப்போதோ வாங்கிய தன் சட்டையாக இருக்கும் என்று நினைத்தார். ஊர்தான் மஞ்சள் சட்டை என்று சொல்லிவிட்டதே, அதுவும் குறையாக இருக்க வேண்டாம் என்று இழுத்து மாட்டினார். ஈரமாக இருந்தது. தோளில் இறுக்கிப் பிடித்தது. தசை வைத்தியர் சொன்னது நினைவுக்கு வர, அந்த நிலைமையிலும் நெஞ்சு அரை அங்குலம் விரிந்தது.

விளக்குப் பக்கத்தில் மணல் தெரியாத அளவுக்குக் கூட்டம். தலைமையாசிரியர் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஒலிபெருக்கியில் செயலாளர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"உடைந்த பலகைகளுக்கு உயிர் கொடுத்தவர்! ஒட்டிய ஒவ்வொரு பலகையையும் தானே ஓட்டிப் பார்த்துக் கொடுத்த உத்தமர்!"

'உத்தமர்' என்ற சொல் டாக்டரை நேராகக் குத்தியது. சாம்பியன் நீட்டிய பலகையை வாங்கினார். அவர் கையால் ஒட்டிய பலகை. ஒட்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். எங்கே என்று அவருக்கே தெரியவில்லை. இவ்வளவு சுத்தமான வேலைக்குப் பக்கத்தில் இந்த அழுக்குப் பொய் எதற்கு என்று முதன்முறையாக வெட்கம் வந்தது. மேடைக்குப் போய் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"எனக்கு நீச்சல் தெரியாது" என்றார். "நான் ஒருநாளும் அலையில போனதில்லை. சீட்டுல எழுதினது எல்லாம் கற்பனை."

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. கைதட்டல் கிளம்பி, விசிலாக மாறி, அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"என்ன தன்னடக்கம்!" என்று தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மாமா, போதும் மாமா, நேரமாகுது" என்று மச்சினன் அவர் காலில் கயிற்றைக் கட்டி, முதுகில் செல்லமாக ஒரு தள்ளுத் தள்ளினான்.

டாக்டர் நடந்தார். கணுக்கால். முழங்கால். முழங்காலுக்கு மேல் போனதும் கால் நின்றது, கடல் நிற்கவில்லை. இடுப்பளவு உயரத்தில் ஒரு சின்ன அலை, பெரிய அலைகள் பொருட்படுத்தாத மாதிரியான அலை, வந்து அவரைத் தூக்கி, தலைகீழாக்கி, சுருட்டி, பலகையோடு சேர்த்துக் கரையில் கொண்டுவந்து துவைத்த துணி மூட்டையைப் போலப் போட்டது. மேடை வரைக்கும் அவர் மணலைத் துப்பும் சத்தம் கேட்டது.

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

டாக்டர் எழுந்து நின்றார். ஒரு காதில் மணல், மறு காதில் தண்ணீர். "நான்தான் சொன்னேனே" என்றார்.

ரொட்டி வண்டிக்காரர் வானத்தைப் பார்த்தார். கண்டக்டர் கண்டக்டரே இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் நாற்காலியை மடக்கினார். மச்சினன் இந்த மாமாவுக்கும் தனக்கும் என்ன உறவு என்று யோசிக்கிறவன் போல இரண்டடி தள்ளி நின்றான்.

சாம்பியன் கிட்டே வந்தார். கையில் அந்தச் சீட்டு. குரலில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "அப்ப இந்தப் பலகையை யார் ஓட்டிப் பார்த்தது?"

"யாரும் பார்க்கலைம்மா. இதை மட்டுமில்லை, எதையுமே பார்க்கலை. பதினஞ்சு வருஷமா அத்தனை சீட்டும் பொய்." காலடியில் கிடந்த பலகையைக் குனிந்து எடுத்துத் திருப்பினார். மணலில் அப்படி மோதியும் ஒட்டு ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்கவில்லை. அதைக் கூட்டம் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தார். அதுவரை தாழ்ந்திருந்த குரல் அந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்தது. "ஆனா ஒட்டு பொய்யில்லை. அது என் கை வேலை. நீங்க நம்பினாலும் சரி, நம்பாட்டியும் சரி."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, லாட்ஜ் சமையலறையிலிருந்து ஓடி வந்த மனைவி முன்னால் வந்தாள். வந்தவள் அவர் போட்டிருந்த சட்டையைப் பார்த்ததும் வாயில் கை வைத்து அப்படியே நின்றுவிட்டாள்.

அதே நேரம் அந்தப் பக்கமிருந்து, வியாழக்கிழமை இல்லாத ஒரு நாளில் இருநூற்றுப் பதினாறு படியும் இறங்கி, விளக்குக்காரர் இரைக்க இரைக்க வந்து சேர்ந்தார். சோடாப் புட்டிக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, டாக்டரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன டாக்டரே, உங்க வீட்டம்மா ஊர் முன்னால அலை எடுக்கிறதைப் பக்கத்துல இருந்து பார்க்கலாம்னு இத்தனை படி இறங்கி வந்தா, அவங்க சட்டையை நீங்க மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க!"